சிமிட்டிய ஏப்ரன்

எய்லிஃப் ஹவ்சோ பயப்படாத பொருள் ஒன்று ஹார்டாங்கர் கடற்கழியின் இரு கரைகளிலும் இருந்ததாகத் தகவல் இல்லை. ஃபெர்ரியில் ஏறினால் அது மூழ்கும் என்று பயம். ஃபெர்ரி வேண்டாமென்று காரில் போனால், மலையைக் குடைந்த சுரங்கப் பாதையில் மலை மொத்தமும் தன் தலையில் இறங்கும் என்று பயம். ஆகவே பெரும்பாலும் வீட்டில் இருந்தார். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற பயம் அவருக்குத் துணையாக இருந்தது. ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கையில் அவர் எடுத்த துணிச்சலான முடிவு ரக்னாவைக் கல்யாணம் செய்துகொண்டது ஒன்றுதான். அதிலும் கேட்டது ரக்னா.

இப்படிப்பட்டவர் எப்படிப் புகைப்படக்காரர் ஆனார் என்பதற்குக் காரணம் உண்டு. பிலிம் காலத்தில் அவர் கேமராவைத் தொடவில்லை. பொத்தானை அழுத்திய கணத்தில் எல்லாம் முடிவாகிவிடும் என்பது அவருக்குத் தாங்க முடியாத சங்கதியாக இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய் வரைபடங்களை மடித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பயந்துகொண்டிருந்தார். பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. அதற்குள் ரா கோப்பு என்று ஒன்று இருப்பதை நாற்பது வயதில் அறிந்தார். சிலருக்கு மதம் கிடைப்பதைப் போல அவருக்கு அது கிடைத்தது.

விஷயம் எளியது. கேமரா ஒரு காட்சியைப் பார்த்ததும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஜேபெக் என்றால், எது வெளிச்சம், எது நிழல், எது வேண்டும், எது வேண்டாம் என்று கேமராவே கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ப்பு எழுதி, வேண்டாததைத் தூக்கி எறிந்து, மிச்சத்தைச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடும். ரா என்றால் தீர்ப்பே கிடையாது. விழுந்த வெளிச்சம் விழுந்தபடி இருக்கும். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, காபி போட்டுக்கொண்டு முடிவு செய்யலாம். பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம். பத்து வருஷம் கழித்தும் மாற்றலாம். எந்த முடிவையும் எடுக்காமலே ஒரு மனிதன் தொழில் செய்ய முடியும் என்று கேள்விப்பட்டபோது எய்லிஃபுக்குக் கண்ணில் நீர் வந்ததாக ரக்னா சொல்கிறாள்.

செவ்வாய்க்கிழமைகளில், பள்ளிக்கூடத்துத் தச்சறையில், கேமரா சங்கத்தின் ஒன்பது உறுப்பினர்களுக்கும் அவர் இதைப் போதித்தார்.

"ரா மாவு மாதிரி. உப்புப் போடலாம், சர்க்கரை போடலாம், ரொட்டியாக்கலாம், கேக்காக்கலாம். ஜேபெக் வெந்த ரொட்டி. வெந்ததுக்கப்புறம் உப்பைத் திரும்ப எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

ஒன்பது பேரில் எவரும் எடுத்துக் காட்டவில்லை. அவருடைய புகழ் ஃபெர்ரி போகும் தூரம்வரை பரவியது. எய்லிஃப் எதையும் மீட்டுவிடுவார் என்று ஊர் நம்பியது.

அவருடைய செய்முறையும் ஒரு கோழையின் செய்முறைதான். நிழலுக்குள் புள்ளிப்புள்ளியாய் அழுக்குச் சேரும் என்று பயந்து, தேவைக்கு மேல் வெளிச்சத்தை வாங்கிக்கொள்வார். வெள்ளைகள் கொஞ்சம் கூடிப்போனாலும் ரா கோப்பின் அடியில் அவை பத்திரமாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து கீழே இழுத்துக்கொள்ளலாம். அப்படி எடுக்கும்போது கேமராவின் பின்பக்கத் திரையில், வெள்ளை எரிந்துபோன இடமெல்லாம் கறுப்பாய்ச் சிமிட்டி எச்சரிக்கும். எய்லிஃப் அந்தச் சிமிட்டலை ஏளனமாகப் பார்ப்பார்.

"அது ஜேபெக்காரங்களுக்கு அடிக்கிற மணி. நமக்கில்ல."

உலகத்தில் அவர் பயப்படாத ஒரே எச்சரிக்கை அதுதான்.

இனி ஓட்ருன். கைவினைச் சங்கத்தின் தலைவி. அவளுக்குச் சீருடை கிடையாது, சம்பளம் கிடையாது, சட்டம் கொடுத்த அதிகாரம் எதுவும் கிடையாது; ஆனாலும் ஊர் அவளை ஊருடைப் போலீஸ் என்றே சொன்னது. சிவப்பு மார்க்கச்சை, கறுப்புப் பாவாடை, அதன்மேல் வெள்ளை ஏப்ரன் என்று அந்தக் கரைக்கென்று ஓர் உடை உண்டு, அதுதான் ஊருடை. தேவாலயத்துக்கும் தேசிய நாளுக்கும் அதை உடுத்துவார்கள். உடுத்துபவர்கள் வாசலில் ஓட்ருனைத் தாண்டியாக வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தவளைக் கழற்ற வைத்தாள். காதில் நீலக் கல் தொங்கவிட்டு வந்த பாதிரியாரின் மனைவியைப் பார்த்து, "அது எந்த நூற்றாண்டு?" என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மாள் முதல் பாட்டு முடிவதற்குள் தோட்டைக் கழற்றிவிட்டாள்.

அவளுடைய மகள் ஹெர்டிஸுக்குப் பதினைந்து வயது. அந்த வருஷம் மே மாதம் இரண்டாம் ஞாயிறு, பிள்ளைகள் தேவாலயத்தில் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனை. அதற்காக ஓட்ருன் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து ஏப்ரனைத் தைத்திருந்தாள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், நூலை எண்ணி எண்ணிப் போடும் பூத்தையல், எட்டிதழ் நட்சத்திரங்கள். படம் எடுக்க எய்லிஃபைக் கூப்பிட்டு உத்தரவும் போட்டாள்.

"ஏப்ரன் தெரியணும். முகம் எப்படியும் தெரிஞ்சுடும்."

"தெரியும், ஓட்ருன்," என்றார் எய்லிஃப். ஊரில் எல்லோரும் எல்லோரையும் நீ என்பார்கள். அவர் மட்டும் ஓட்ருனிடம் நீங்க என்பார். கேட்டால் தொண்டைக் கோளாறு என்பார்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். தேவாலயத்துக்குப் பின்னால் ஆப்பிள் மரங்கள் பூத்துத் தள்ளியிருந்தன. பூவும் வெள்ளை, ஏப்ரனும் வெள்ளை, மலை உச்சியில் மிச்சமிருந்த பனியும் வெள்ளை. எய்லிஃப் வெளிச்சத்தைக் கையால் திருகி வைத்து, வழக்கப்படி கொஞ்சம் கூடவே வைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தார். சுற்றிலும் உறவினர்கள் நாற்பது பேர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்ணின் சித்தப்பாவும் ஃபெர்ரி கேப்டனும் கேமரா சங்க உறுப்பினருமான ஷூர் எய்லிஃபின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"டேய், ஏப்ரன் முழுக்கச் சிமிட்டுதுடா."

"செவ்வாய்க்கிழமை நீ தூங்கினியா? அது நமக்கில்லேன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஷூர் வெட்கப்பட்டான். எய்லிஃப் நிமிர்ந்து நின்றார். அவர் வாழ்நாளில் அப்படி நிமிர்ந்து நின்றது குறைவு.

அன்று மாலை வீட்டில் கார்டைச் செருகினார். கோப்புகள் சின்னச் சின்னதாய், கண் மூடித் திறப்பதற்குள் வந்து இறங்கின. ரா கோப்புகள் அப்படி வராது. மூட்டை தூக்குகிறவனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு வரும். கேமராவை எடுத்துப் பார்த்தார். ஜேபெக்.

முந்தின வெள்ளிக்கிழமை, சிறுவர் கால்பந்தாட்டம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள் இடைவேளைக்குள் படம் வேண்டும், பெரிய கோப்பெல்லாம் அனுப்பாதே என்றிருந்தார்கள். அவர்களுக்காக மாற்றினார். திருப்பி மாற்றவில்லை.

படத்தைத் திறந்தார். ஹெர்டிஸின் முகம் அழகாய் இருந்தது. மார்பில் குத்தியிருந்த வெள்ளி ஊசிகள் மின்னின. இடுப்புக்குக் கீழே யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்ததுபோல ஒரு வெள்ளை ஓட்டை. இழுத்தார். வெள்ளை சாம்பலானது. இன்னும் இழுத்தார். பாத்திரம் துடைக்கும் துணியின் நிறம் வந்தது. பூ வரவில்லை, நட்சத்திரம் வரவில்லை, ஒரு நூல்கூட வரவில்லை. கேமரா தன் தீர்ப்பை எழுதி, மூன்று குளிர்காலத்தை வேண்டாதது என்று தூக்கி எறிந்திருந்தது.

ரக்னா உள்ளே வந்தாள். "என்ன மூஞ்சி இது? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எய்லிஃபுக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. ரக்னா எளிதில் உட்காருகிறவள் இல்லை.

"ரா இருக்குமே?"

"இல்ல."

"நீயா? ஜேபெக்லயா?"

"மெதுவாப் பேசு. ஜன்னல் தொறந்திருக்கு."

"போய்ச் சொல்லிடு. வேறென்ன செய்வே?"

"நம்ம பக்கத்து வீட்டு ஏப்ரனை வாங்கி, படம் எடுத்து, இதுல ஒட்டிட்டா?"

"அவ தன் ஏப்ரன்ல ஒவ்வொரு நூலையும் பேர் சொல்லிக் கூப்பிடுவா. ஒட்டு. ஒட்டிட்டு ஊரைவிட்டுப் போயிடு."

ஊரைவிட்டுப் போக ஃபெர்ரியில் ஏற வேண்டும், இல்லையென்றால் சுரங்கப் பாதை வழியாகப் போக வேண்டும் என்பதால் எய்லிஃப் அந்த யோசனையைக் கைவிட்டார்.

திங்களும் செவ்வாயும் அவர் போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சங்கத்தில் மேகங்களைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார். அது பொய்யில்லை. புதன்கிழமை ரக்னாவே போனை எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"எய்லிஃப், பதினேழாம் தேதி தேசிய நாள் ஊர்வலம் முடிஞ்சு எல்லாரும் மண்டபத்துக்குக் கேக் சாப்பிட வருவாங்க," என்றாள் ஓட்ருன். "இந்த வருஷம் தைச்ச புது உடைங்களோட படத்தை மாட்டறது வழக்கம். ஹெர்டிஸ் படம் நடுவுல. ஒரு மீட்டர் உயரம். படமெல்லாம் எப்படி வந்திருக்கு?" அவள் குரல் விசித்திரமாக இருந்தது. எய்லிஃபுக்கு அது கத்தியைத் துணியில் துடைக்கும் ஓசையாகக் கேட்டது.

"நல்லா... வெளிச்சமா வந்திருக்கு."

"எவ்வளவு வெளிச்சமா?"

அவர் போனை வைத்துவிட்டார். தவறுதலாகத்தான், கை வியர்த்திருந்தது.

வியாழக்கிழமை மூன்றாம் முறையாக எல்லாப் படங்களையும் புரட்டினார். நூற்று நாற்பத்தேழாவது படத்தில் கை நின்றது. அந்த ஒரே நொடிக்கு ஒரு மேகம் சூரியனை மறைத்திருக்கிறது. மேற்குக் கரையில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இப்படிச் சொன்ன நேரத்துக்கு வந்த மேகம் அது ஒன்றுதான். ஏப்ரன் முழுசாக இருந்தது. ஒவ்வொரு நட்சத்திரமும், ஒவ்வொரு துளையும், ஒவ்வொரு நூலும். ஹெர்டிஸ் தும்மப்போகிற முகத்தோடு கண்ணை இறுக மூடியிருந்தாள் என்பது சின்னக் குறை. கண்ணை வேறு படத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். எய்லிஃப் மேசையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதார்.

வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை ஒரு தாள் அளவுக்கு அச்சடித்து எடுத்துக்கொண்டு ஓட்ருன் வீட்டுக்குப் போனார். மடிக்கணினி பையில் இருந்தது, கார்டு சட்டைப்பையில் இருந்தது, நகல் வைத்த சின்ன வட்டு கோட்டின் உள்பையில் இருந்தது. வீடு எரிந்துபோகலாம் என்பதால் அவர் எப்போதும் எல்லாவற்றையும் உடம்பிலேயே வைத்துக்கொண்டு நடப்பவர்.

ஓட்ருன் காபி ஊற்றினாள். வெண்ணெய் தடவி மடித்த லெஃப்சே ரொட்டியைத் தட்டில் வைத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். அதன்மேல் பூதக்கண்ணாடியையும் எடுத்தாள். எய்லிஃப் லெஃப்சேயின் ஒரு துண்டை வாயில் போட்டு, விழுங்க மறந்தார்.

அவள் ஏப்ரனின் மேல்வரியிலிருந்து தொடங்கினாள். மெல்லக் கீழே வந்தாள். கீழ் மூலையில் நின்றாள். நின்றே இருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"இதை யாரெல்லாம் பாத்தாங்க?"

"கண்ணுதானே? கண்ணை மாத்திடலாம், ஓட்ருன், வேற படத்துல தொறந்த கண்ணு நெறைய—"

"கண்ணா? கண்ணைப் பத்தி யாரு பேசுனா? இங்க பாரு. இந்தக் கட்டத்தை எண்ணு."

அவள் விரல் வைத்த இடத்தில் சின்னஞ்சிறு தையல் கட்டம் ஒன்று இருந்தது. எய்லிஃப் எண்ணினார். "நாலு."

"பக்கத்துல இருக்கறதை எண்ணு."

"அஞ்சு."

"அதுக்கு அடுத்தது?"

"அஞ்சு."

"எல்லாமே அஞ்சு. இது மட்டும் நாலு." அவள் பூதக்கண்ணாடியை மேசையில் வைக்கும்போது அது தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. "பிப்ரவரில போன் அடிச்சுது. எந்திரிச்சுப் போயிட்டு வந்து உக்காந்தேன். அங்கதான் எண்ணிக்கை விட்டுப்போச்சு. சர்ச்ல மூணாவது பாட்டு நடக்கறப்பதான் கண்ணுல பட்டுது. அதுக்கப்புறம் பாதிரியார் என்ன பேசுனார்னு எனக்குத் தெரியாது. அஞ்சு நாளா நான் தூங்கலை, எய்லிஃப். பாதிரியார் சம்சாரம் மண்டபத்துல ஒரு மீட்டர் படத்துக்கு முன்னாடி நின்னு விரலை விட்டு எண்ணுவா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் திரும்பி என்னைப் பாப்பா."

எய்லிஃப் அப்போதுதான் லெஃப்சேயை விழுங்கினார். உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாரும் பயப்படக்கூடும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. அதிலும் ஓட்ருன். அந்தப் புது அறிவால் அவருக்குத் தைரியம் வந்ததா என்றால் இல்லை. அவளே பயப்படுகிறாள் என்றால் இது எவ்வளவு பெரிய ஆபத்தாக இருக்கும் என்று கூடுதலாகப் பயந்தார்.

"மத்த படத்துலயும் தெரியுதா?" என்றாள்.

"மேகம் மறைச்சப்போ எடுத்தது இது ஒண்ணுதான். மத்ததுல ஒண்ணுமே தெரியாது. வெள்ளை. வெறும் வெள்ளை."

"இழுத்தா வரும். நீ எதையும் திரும்பக் கொண்டு வந்துடுவேன்னு ஷூர் சொல்றான். அந்த மாவு வச்சிருப்பே."

"மாவு இல்ல."

"பொய் சொல்லாதே."

"இல்லேன்னா இல்ல, ஓட்ருன்." அவர் ஜன்னலைப் பார்த்தார். மூடியிருந்தது. "ஜேபெக்ல எடுத்துட்டேன்."

ஓட்ருனின் முகத்தில் ஐந்து நாளில் முதல்முறையாக ரத்தம் ஓடியது.

"காட்டு."

காட்டினார். வெள்ளையை இழுத்துக் காட்டினார், சாம்பலாக்கிக் காட்டினார், ஒரு நூலும் வராது என்பதை இருநூற்றுப் பதினொரு படங்களிலும் நிரூபித்தார். ஒரு தொழிலாளி தன் தொழில் நாசமானதை இவ்வளவு சிரத்தையாக நிரூபித்துக் காட்டியதை அந்தச் சமையலறை கண்டதில்லை. பிறகு நூற்று நாற்பத்தேழாவது படத்தைக் கார்டிலிருந்தும், கணினியிலிருந்தும், உள்பை வட்டிலிருந்தும் அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லி ஓட்ருன் பக்கத்தில் நின்றாள். அச்சுத்தாளை அவளே விறகடுப்பில் போட்டாள். ஹெர்டிஸ் தும்மாமலே எரிந்துபோனாள்.

பதினேழாம் தேதி ஊர்வலம் முடிந்தது. கொடிகளும் குழந்தைகளும் எழுபது கேக்குகளும் மண்டபத்துக்குள் வந்து சேர்ந்தன. சுவரின் நடுவில், ஒரு மீட்டர் உயரத்தில், ஓட்ருன் பொறுக்கி எடுத்த மிக வெளுத்த படம். அதன் முன்னால் ஒரு கூட்டம், கூட்டத்தின் முன்வரிசையில் பாதிரியாரின் மனைவி, மூக்குக்கும் படத்துக்கும் ஒரு சாண் இடைவெளி.

"பூத்தையல் எங்க?" என்றாள் அவள்.

"அதானே," என்றான் ஷூர். "எய்லிஃப், என்னடா இது? ராவுல கொஞ்சம் கீழ இழுத்திருந்தாலே வந்திருக்குமே? நீதானே சொல்லிக்கொடுத்தே?"

மண்டபம் எய்லிஃபைப் பார்த்தது. சங்கத்தின் மற்ற எட்டு உறுப்பினர்களும் பார்த்தார்கள். இழுக்கலாம் என்று சொன்னால், இழு என்பார்கள். ஜேபெக் என்று சொன்னால் பதினான்கு வருடச் செவ்வாய்க்கிழமைகள் அங்கேயே முடிந்துபோகும். அவர் வாயைத் திறந்தார்.

"நான்தான் அப்படிக் கேட்டேன்," என்றது ஒரு குரல். கேக் வெட்டும் கத்தியோடு ஓட்ருன் நின்றாள். "ஏப்ரன் ஆப்பிள் பூ மாதிரி தெரியணும்னு சொன்னேன். மரத்துல பூத்ததைப் பாத்து எத்தனை இதழ்னு யாராச்சும் எண்ணுவாங்களா?"

எண்ணுவேன் என்று சொல்லும் துணிச்சல் அந்தக் கரையில் யாருக்கும் இல்லை. பாதிரியாரின் மனைவி ஓர் அடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, "ஆமா, ஒரு மாதிரி... ஒளியா இருக்கு," என்றாள். ஒளியாக இருப்பதாகப் பலருக்கும் உடனே தோன்றியது. அடுத்த வருஷம் மகளுக்குத் திடப்படுத்தல் வைத்திருந்த இரண்டு தாய்மார்கள், எங்களுக்கும் இதே மாதிரி என்று எய்லிஃபிடம் பெயர் கொடுத்தார்கள். அவர் எழுதிக்கொண்டார்.

ஓட்ருன் ஒரு தட்டில் கேக்கை வைத்து அவரிடம் நீட்டினாள். உதடு அசையாமல் கேட்டாள்.

"அந்த மேகம் வந்தப்போ, வேற யாராச்சும் படம் எடுத்தாங்களா?"

எய்லிஃபின் கண்முன்னே ஆப்பிள் மரங்களும், நீட்டிய நாற்பது கைகளும் வந்தன. மேகம் எதற்கு? போன்கள் அவரைப் போல ஆசைப்பட்டு வெளிச்சத்தை வாங்குவதில்லை. வெள்ளையைக் கண்டால் தானே அடக்கி வாசிக்கும். நாற்பது போனிலும் நாற்பது ஏப்ரன், நட்சத்திரம் நட்சத்திரமாக, நாலு தையலோடு, இதோ இந்த மண்டபத்தில், ஆளுக்கொரு பையில். எடுத்த பிறகு யாரும் பார்க்கவில்லை, யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் இவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

"எல்லாரும்," என்றார்.

"ஒளியெல்லாம் சரி," என்று அந்தப் பக்கம் ஷூர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "என் போன்ல எப்படி வந்திருக்குன்னு பாப்போம்." அவன் கை சட்டைப்பைக்குள் போனது.

கத்தி மேசையில் விழுந்த சத்தத்தில் மண்டபம் அடங்கியது.

"ஊருடை போட்டுக்கிட்டுப் போனைக் கையில எடுக்கறது யாரு?" என்றாள் ஓட்ருன். "அது எந்த நூற்றாண்டு?"

ஷூரின் கை பைக்குள்ளேயே நின்றது. மெல்ல, காலியாக வெளியே வந்தது. ஏற்கெனவே போனை எடுத்திருந்த இரண்டு அத்தைமார்கள் அதை வெள்ளிப் பூட்டுப் போட்ட சுருக்குப்பைக்குள் தள்ளி மூடினார்கள். பாதிரியார் தன் போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேக்கின் கீழ் வைத்தார். எய்லிஃபிடம் அன்று போனே இல்லை. வரும்போது வீட்டில் மறந்திருந்தார். இருந்தாலும் எல்லாப் பைகளையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.